ஆடியோமெட்ரி அறையில்: சத்தம் காதில் எங்கே நிற்கிறது?

கேட்புச் சோதனைக்கு வருகிறவர்கள் காது எத்தனை சதவீதம் கேட்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். மெஷினுக்கு இந்தப் பக்கம் உட்காரும் நாங்கள் தேடுவது வேறு. வெளிச்செவி, நடுச்செவி, உட்செவி மூன்றில் சத்தம் எங்கே தடைபடுகிறது? முதல் இரண்டில் என்றால் மருந்தோ அறுவைச் சிகிச்சையோ பெரும்பாலும் கைகொடுக்கும். உட்செவியில் என்றால் வழியே வேறு. அதனால்தான் சோதனை வெளியிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு உள்ளே போகிறது.

சோதனைக்கு முன் 14 மணி நேரமாவது பெரிய இரைச்சலில் இருக்கக் கூடாது. இரைச்சலில் களைத்துப்போன மயிர் செல்கள் (உட்செவியில் ஒலியை உணரும் செல்கள்) மெல்லிய ஒலிக்கு அசையாது; தாளில் அது நிரந்தர இழப்பைப் போலவே பதியும். சளி பிடித்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதலில் ஓட்டோஸ்கோப், அதாவது காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவி. பெரியவர்களின் காது மடலை மேலும் பின்னுமாக இழுப்போம், சின்னக் குழந்தைகளுக்குக் கீழும் பின்னுமாக. ஏறக்குறைய 2.5 செ.மீ. நீளமுள்ள காதுக் குழாய் வளைந்திருப்பதால், இழுத்து நேராக்கினால்தான் செவிப்பறை தெரியும். அப்போது சிலருக்கு இருமல் வரும். வேகஸ் நரம்பின் ஒரு கிளை அங்கே ஓடுகிறது, பயப்பட ஒன்றுமில்லை. நல்ல செவிப்பறை முத்துச் சாம்பல் நிறத்தில் இருக்கும். அதில் ஒளி முக்கோணமாகத் தெறிக்கும்: வலக்காதில் கடிகாரத்தின் 5 மணிப் பக்கம், இடக்காதில் 7 மணிப் பக்கம்.

குறும்பி சுரப்பது குழாயின் வெளி மூன்றில் ஒரு பங்கில் மட்டுமே. அங்குள்ள தோல் மெல்ல வெளிநோக்கி நகர்ந்து அதைத் தானே தள்ளிவிடும். செவிப்பறையை ஒட்டிக் குறும்பிக் கட்டி இருந்தால், பெரும்பாலும் பட்ஸ் வைத்து உள்ளே தள்ளப்பட்டது என்று பொருள்.

அடுத்தது டிம்பனோமெட்ரி, அதாவது செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்க்கும் சோதனை. ரப்பர் முனை காதை மூட, உள்ளே காற்றழுத்தம் மாறும். 226 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம் கேட்கும். நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல், எச்சில் விழுங்காமல் இருந்தால் போதும், ஏனென்றால் விழுங்கும்போது தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் திறந்து அழுத்தக் கணக்கு கலைந்துவிடும். இருபுறமும் அழுத்தம் சமமாகும்போதுதான் செவிப்பறை நன்றாக அசையும். வரைபடத்தின் உச்சி பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் நல்லது. எதிர்மறைப் பக்கம் நகர்ந்திருந்தால் அந்தக் குழாய் சரியாகத் திறக்கவில்லை. உச்சியே இல்லாமல் தட்டைக் கோடாக வந்தால் உடனே பக்கத்தில் உள்ள கொள்ளளவு எண்ணை, அதாவது முனைக்கு அப்பால் உள்ள காற்றிடத்தின் அளவைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய 0.6 முதல் 1.5 மில்லிலிட்டர். அளவு சரியாக இருந்தும் கோடு தட்டை என்றால் நடுச்செவியில் நீர் கோத்திருக்கலாம். மிக அதிகம் என்றால் செவிப்பறையில் ஓட்டை. மிகக் குறைவு என்றால் குறும்பி, அல்லது முனை குழாயின் சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறது. இந்த எண்ணைப் பார்க்காமல் தட்டைக் கோட்டை மட்டும் வைத்து 'காதில் நீர்' என்று முடிவு கட்டுவது தவறு.

நடுச்செவி இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம், காற்றில் வரும் ஒலியை உட்செவியின் திரவத்துக்குள் செலுத்துவது எளிதல்ல. செவிப்பறையின் அசையும் பரப்பு சுமார் 55 சதுர மி.மீ., உட்செவியைத் தொடும் அங்கவடி எலும்பின் அடித்தட்டு 3.2. பரப்பு சுருங்குவதால் அழுத்தம் 17 மடங்காகிறது. சுத்தி, பட்டடை எலும்புகளின் நெம்புகோல் விசையும் சேர்ந்தால் சுமார் 22 மடங்கு.

பிறகு சத்தம் புகாத அறையில் ஹெட்போன். கண்ணாடியையும் காதணியையும் கழற்றிவிடுங்கள். நன்றாகக் கேட்கும் காதில் 1000 ஹெர்ட்ஸில் தொடங்குவோம். கேட்டதாகப் பட்டனை அழுத்தினால் 10 டெசிபல் குறைப்போம், அழுத்தாவிட்டால் 5 டெசிபல் ஏற்றுவோம். இப்படி ஏறி இறங்கி, ஏறுமுகத்தில் பாதித் தடவையாவது கேட்கும் மிகக் குறைந்த அளவைக் குறித்துக்கொள்வோம். ஆகவே நிறைய ஒலிகள் உங்களுக்குக் கேட்கத்தான் செய்யாது. சோதனையின் அமைப்பே அப்படி, பதற வேண்டாம்.

தவறு நேர்வது பெரும்பாலும் இங்கேதான். 'நிச்சயமாகக் கேட்ட பிறகு அழுத்தலாம்' என்று காத்திருப்பவர்களின் அளவு உண்மையைவிட மோசமாக வரும். கேட்டதுபோல் தோன்றினாலே அழுத்துங்கள். ஊகித்து அழுத்துகிறவர்களைக் கண்டுகொள்ளத்தான் ஒலிகளின் இடைவெளியை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். கடைசியில் 1000 ஹெர்ட்ஸை மறுபடி வைப்போம். 5 டெசிபலுக்கு மேல் வேறுபட்டால் சோதனையை நம்ப முடியாது. காதில் ஏற்கெனவே இரைச்சல் உள்ளவர்கள் விட்டுவிட்டு ஒலிக்கும் ஒலியைக் கேட்டு வாங்கலாம். வயதானவர்களுக்கு ஹெட்போன் அழுத்தி, தளர்ந்த குழாயின் வாயை மூடிவிடுவதும் உண்டு. இல்லாத இழப்பு அப்போது உயர் அதிர்வெண்ணில் தெரியும். காதுக்குள் செருகும் இயர்போனுக்கு மாற்றினால் அது மறைந்துவிடும்.

அடுத்து காதுக்குப் பின்னுள்ள எலும்பில் ஓர் அதிர்வி. இது வெளிச்செவியையும் நடுச்செவியையும் தாண்டி ஒலியை நேரே காக்ளியாவுக்கு, அதாவது உட்செவியில் ஒலியை உணரும் நத்தை வடிவ உறுப்புக்குக் கொண்டுபோகும். ஆனால் மண்டையோடு முழுவதும் அதிர்வதால் இரண்டு காக்ளியாக்களும் கேட்கும். அதனால் மறு காதில் 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் கொடுப்போம். மெஷின் கெட்டுவிட்டதாக நினைத்து ஹெட்போனைக் கழற்றாதீர்கள். இரைச்சலை விட்டுவிட்டு ஒலிக்கு மட்டும் அழுத்துங்கள். இந்த மறைப்பு இல்லாவிட்டால் முற்றிலும் கேளாத காதுகூட, பக்கத்துக் காதின் தயவில், கேட்பதாகத் தாளில் வந்துவிடும்.

இப்போது ஆடியோகிராம், அதாவது சோதனை முடிவின் வரைபடம். சிவப்பு வட்டம் வலக்காது, நீலப் பெருக்கல் குறி இடக்காது. கோடு கீழே இறங்க இறங்க இழப்பு அதிகம். 0 டெசிபல் என்றால் சத்தமே இல்லை என்று அர்த்தமில்லை. நல்ல காதுள்ள இளைஞர்களின் சராசரி அது. காற்றுவழி அளவு இறங்கியும் எலும்புவழி அளவு மேலேயே நின்றால், தடை வெளிச்செவியிலோ நடுச்செவியிலோ இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இறங்கினால் உட்செவி அல்லது நரம்பு.

4000 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் பள்ளம் விழுந்து 8000-ல் மீண்டும் ஏறினால், இரைச்சலால் வந்த பாதிப்பென்று முதலில் சந்தேகிப்போம். முதுமையில் இழப்பு உயர் அதிர்வெண்ணில் தொடங்கும். காக்ளியாவின் அடிப்பகுதி மயிர் செல்களுக்கே அந்த ஒலிகள் உரியவை, முதலில் அழிவதும் அவைதான். மனிதரில் அவை மறுபடி முளைப்பதில்லை. உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் சத்தம் கேட்கும். மெய்யெழுத்துகளை வேறுபடுத்தும் மெல்லிய கூறுகள் உயரத்தில் இருப்பதால் பட்டு, தட்டு, கட்டு மூன்றும் ஒன்றுபோலவே விழும். 'காதில் விழுகிறது, புரியவில்லை' என்று அவர்கள் சொல்வதை அப்படியே நம்புங்கள். கத்திப் பேசாமல், முகம் பார்த்து நிறுத்திப் பேசுங்கள்.

ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளில் அடைத்துப்போனால் வாய் மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் உரக்கக் கேட்டால் குறும்பியோ நீரோ ஆக இருக்கலாம். நல்ல காதில் உரக்கக் கேட்டால் உட்செவி பாதிக்கப்பட்டிருக்கலாம். இந்த முனகல் நிச்சயமான சோதனை இல்லை, ஆனால் நல்ல காதில் உரக்கக் கேட்டால் சோதனைக்குத் தேதி கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குக் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம்.