416, 905, 647: ரொறன்ரோவில ஏரியா கோட் மாறின கதை

இப்ப புதுசா வாறவைக்கு 437 எண்டு தொடங்கிற நம்பர் குடுத்தா வாங்கிக்கொண்டு போயிடுவினம். 93லயும் 2001லயும் ரொறன்ரோவில இருந்தவையைக் கேளுங்கோ, அப்ப என்ன பாடு எண்டு சொல்லுவினம். நான் ரெண்டையும் பாத்தனான், முதல் தரம் வீட்டு ஃபோனோட, ரெண்டாம் தரம் வேலை செய்த ஒஃபிஸின்ர ஃபோன் சிஸ்டத்தைப் பாக்கிற ஆளா.

1947ல ஏரியா கோட், அதாவது நம்பருக்கு முன்னால வாற மூண்டு இலக்கம், வரேக்க ஒன்ராறியோவுக்கு 416, 613 எண்டு ரெண்டே ரெண்டுதான். சனம் கூடக் கூட 416 ஓரத்தால சுருங்கிக்கொண்டே வந்து, 93ல மெற்றோ ரொறன்ரோவோட நிண்டுட்டுது. மிசிசாகா, பிரம்டன், மார்க்கம், ஹமில்டன், ஒஷாவா எல்லாம் 905. நாங்கள் அப்ப மார்க்கம். எல்லையில ஓடுற ஸ்ரீல்ஸ் ரோட்டுக்குத் தெற்கால இருந்த சொந்தக்காரருக்கு ஒண்டும் மாறேல்ல, எங்களுக்கு மட்டும் முன் மூண்டு இலக்கம் வேற. அப்ப இமெயிலா கிடந்தது, ஊர், லண்டன், பாரிஸ் எண்டு எல்லா இடத்துக்கும் கடிதம் எழுதித்தான் சொன்னது, கொழும்பில ஆரிட்டயாவது சொல்லிவிட்டு அவை ஊருக்குச் சொல்லி, அதில ரெண்டு பேர் பழைய நம்பருக்கே அடிச்சு ரெக்கோர்டிங்கைக் கேட்டு எங்களுக்கு என்னவோ நடந்திட்டுது எண்டு பயந்ததும் நடந்தது.

இன்னொரு தலையிடி, ஏரியா கோட்டைப் பாத்து கோலுக்கு என்ன காசெண்டு சொல்லேலாது. ரொறன்ரோவில இருந்து மார்க்கத்துக்கு லோக்கல், ஒஷாவாவுக்கு லோங் டிஸ்டன்ஸ், ரெண்டும் 905 தான். அடுத்த மூண்டு இலக்கத்தை டிரெக்டரியின்ர முன்பக்கத்தில தேடிப் பாத்திட்டு அடிக்கோணும்.

பிறகு 2001. 416 திரும்பவும் முடியப் போகுதாம். சனம் கூடினது பாதிக் காரணம்தான். நம்பரை ஒண்டொண்டாக் குடுக்கிறேல்ல, 10,000 நம்பர் ஒரு கட்டு. ஒரு கோட்டுக்குள்ள 800 கட்டுக்கூட வராது. புதுசு புதுசா வந்த ஒவ்வொரு ஃபோன் கொம்பனிக்கும் தனிக் கட்டு வேணும், பாதி வெறுமையாக் கிடந்தாலும் மற்றவன் தொடேலாது. அதோட ஃபக்ஸ், பேஜர், செல்போன்.

இந்த முறை ஊரைப் பிரிக்காம அதே இடத்துக்கு மேலயே 647ஐப் போட்டினம். ஒருத்தற்ற நம்பரும் மாறாது, ஆனா ஒரே ஏழு இலக்கம் ரெண்டு கோட்டிலயும் இருக்கலாம் எண்டதால பக்கத்து வீட்டுக்கும் பத்து இலக்கம் அடிக்கோணும். அதே வருசம் 905க்கு மேல 289. சனம் புறுபுறுத்தது, ரெண்டு கிழமையில பழகிட்டுது. பழகாதது மெசின்கள்.

ஃபக்ஸின்ர ஸ்பீட் டயல் லேசு, உக்காந்து ஒண்டொண்டா மாத்தினாச் சரி. லிஃப்ற்றுக்குள்ள இருக்கிற எமேர்ஜென்சி ஃபோனும் கள்வர் அலாமும்தான் ஆபத்து, அதுகள் தன்பாட்டில ஏழு இலக்கத்துக்கு அடிக்கிறதுகள், அடிபடாட்டி ஒருத்தருக்கும் தெரியவராது. ஒரு லிஸ்ற் எழுதி, டயல் பண்ணுற சாமான் எது எதெண்டு கட்டடம் முழுக்க நடந்து பாத்துத்தான் முடிச்சது.

உண்மையான மல்லுக்கட்டு பிபிஎக்ஸோட, அதுதான் ஒஃபிஸ் ஃபோன் எல்லாத்தையும் வெளி லைனோட இணைக்கிற மெசின். 1995 வரைக்கும் எந்த ஏரியா கோட்டுக்கும் நடு இலக்கம் 0 இல்லாட்டி 1 தான், பழைய மெசின் அதை வச்சுத்தான் இது கோட், இது உள்ளூர் நம்பர் எண்டு பிரிக்கும். 905ஐ விளங்கிச்சு. 647ல நடுவில 4, அதால அதை உள்ளூர் நம்பர் எண்டு நினைச்சு ஏழு இலக்கத்தோட வெட்டி அனுப்பிவிடும். லோங் டிஸ்டன்ஸ் தடுக்கிற ரேபிள், அதாவது எந்தக் கோட்டுக்கு அடிக்க விடலாம் எண்டு மெசினுக்குள்ள இருக்கிற பட்டியல், வேற குறுக்க நிண்டுது. ரெக்னீசியன் வந்து சொஃப்ட்வெயரை மாத்தி, 647ஐயும் 289ஐயும் கையால சேத்து, ஒவ்வொரு எக்ஸ்ரென்சனில இருந்தும் ஒரு 647 செல்போனுக்கு அடிச்சுப் பாத்தம்.

என்னைக் கேட்டா ஊரைப் பிரிக்காம மேல புதுக் கோட்டைப் போடுறதுதான் நல்ல முறை. பிரிச்சா பாதிச் சனத்துக்கு நம்பர் போகும், கடைக்காரர் போர்ட், காட் எல்லாம் திரும்ப அடிக்கோணும். பத்து இலக்கம் எல்லாருக்கும் கொஞ்சம் கஸ்ரம், ஆனா ஒருக்காத்தான். 2013ல 437 வரேக்க ரேபிளில ஒரு வரி கூட்டினதோட வேலை முடிஞ்சுது.

416 நம்பர் வச்சிருக்கிறவை இப்பவும் அதைப் பெருமையாச் சொல்லுவினம், அது வேற கதை. உங்கட இடத்தில ஏழு இலக்கத்தில இருந்து பத்துக்கு மாறப் போகினமெண்டால் செல்போனை விடுங்கோ, முதல்ல அலாம் கொம்பனிக்கு அடிச்சு ஒரு ரெஸ்ற் சிக்னல் போய்ச் சேருதோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ.