யு தெருவின் சில்லிக் கடை

வாஷிங்டனின் யு தெருவை ஒரு காலத்தில், நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்குத் தெருவின் பெயரால், 'கறுப்பு பிராட்வே' என்பார்கள். நகரின் மற்ற இடங்களில் உணவகங்களும் அரங்குகளும் கறுப்பின மக்களை உள்ளே விடாதபோது, அவர்களுக்கான வங்கியும் திரையரங்கும் கடைகளும் இங்கே வரிசை கட்டி நின்றன. கறுப்பின மாணவர்கள் பெரும்பாலும் படிக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகம் நடந்து போகிற தூரம்தான்.

இந்தத் தெருவின் 1213ஆம் எண் கட்டடத்தில் 1958 ஆகஸ்ட் 22 அன்று 'பென்ஸ் சில்லி போல்' திறந்தது. கைமுதல் 5,000 டாலர். மௌனப்பட அரங்காகக் கட்டப்பட்டு, பிறகு பில்லியர்ட்ஸ் கூடமாக இருந்த கட்டடம் அது. கடையைத் தொடங்கிய பென் அலி ட்ரினிடாடில் பிறந்து ஹோவர்டில் படித்தவர். அவரோடு சேர்ந்து கடையைத் தொடங்கிய வர்ஜீனியா, அதே தெருவிலிருந்த கறுப்பினத்தவரின் இண்டஸ்ட்ரியல் வங்கியில் வேலை பார்த்தவர். கடை திறந்த பிறகு, அக்டோபரில்தான் இருவருக்கும் திருமணமே நடந்தது.

கடையின் பெயர் சொல்லும் பண்டம் ஹாஃப்-ஸ்மோக். பன்றி இறைச்சியும் மாட்டிறைச்சியும் கொரகொரப்பாக அரைத்துக் கலந்து, புகையூட்டிய சாசேஜ். தோசைக்கல் போன்ற தட்டை இரும்பில் வாட்டி, ஆவியில் சூடேற்றிய பன்னில் வைத்து, மேலே மஸ்டர்ட், பொடியாக நறுக்கிய வெங்காயம், காரமான சில்லி சாஸ் (இறைச்சி சேர்த்த கெட்டிக் குழம்பு). தீ அதிகமானால் சாசேஜின் தோல் வெடித்துக் கொழுப்பெல்லாம் கல்லில் வழிந்துவிடும், சக்கைதான் மிஞ்சும். சாஸ் நீர்த்திருந்தாலோ, பன் ஆவியில் அதிக நேரம் இருந்தாலோ கையில் எடுப்பதற்குள் பிய்ந்துவிடும். சாஸ் கெட்டியாக இருப்பதுதான் முக்கியம்.

1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதும் கலவரம் மூண்டது இந்த வட்டாரத்தில்தான். ஊரடங்கின்போதும் அனுமதி பெற்றுத் திறந்திருந்த கடை இது. போராடியவர்களும் காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் இங்கேயே சாப்பிட்டார்கள். இந்தக் கடையைப் பற்றிப் பேசும் எல்லோரும் இதைச் சொல்வார்கள். ஆனால், கடைக்கு அதைவிடக் கொடிய சோதனை பிறகு வந்தது என்றே நினைக்கிறேன். கலவரம் சில நாளில் அடங்கியது. அதன் பின்விளைவு இருபது ஆண்டு நீடித்தது. எரிந்த கடைகள் பல மீண்டும் எழவில்லை. வசதி வந்தவர்கள் வேறு பகுதிகளுக்குக் குடிபோனார்கள். போதைப்பொருள் விற்பனை தெருவைப் பிடித்தது.

அது போதாதென்று, நகர ரயிலான மெட்ரோவின் பச்சைத் தட வேலை வந்தது. சாலையை மேலிருந்தே வெட்டித் திறந்து, நிலையத்தைக் கட்டி மூடுகிற முறையில் வேலை நடந்ததால், 1980களின் பிற்பாதியில் கடை வாசலிலேயே பெரும் பள்ளம். வண்டி நிறுத்த இடமில்லை, வழிப்போக்கர் இல்லை. அக்கம்பக்கத்துக் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. அலி குடும்பம் ஆட்களைக் குறைத்துக்கொண்டு, கட்டட வேலை செய்தவர்களுக்கே சமைத்துப் போட்டுத் தாக்குப்பிடித்தது. 1991 மே மாதம் நிலையம் திறந்தது. 13ஆம் தெரு வாயிலில் ஏறி வந்தால் எதிரிலேயே கடை.

2004இல், அமெரிக்க உணவுத் துறையில் பெரிதாக மதிக்கப்படும் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் விருது கிடைத்தது. 2009 ஜனவரியில், பதவியேற்புக்குப் பத்து நாள் முன்பு ஒபாமா வந்து சாப்பிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் பென் காலமானார். பிள்ளைகள் தொழிலைத் தொடர்கிறார்கள்.