கறுப்பா, சிவப்பா, பாசியா: டெக்கர்ஸில் ஒரு சீசன்

போன குளிர்காலம் முழுக்க ஃப்ளை, அதாவது மீன் பிடிக்கக் கொக்கியில் நூல் சுற்றிச் செய்யும் போலிப் பூச்சி, கட்டிப் பழகினேன். கை பழகியதோ இல்லையோ, நூல்கண்டு சேர்ந்துவிட்டது. கறுப்பு, சிவப்பு, பாசி நிறம், கிளிப்பச்சை என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கியிருந்தேன். சரி, இதில் மீனுக்கு எதுதான் பிடிக்கிறது, கணக்கு வைத்தே பார்த்துவிடுவோம் என்று ஒரு நோட்டு போட்டேன்.

இடம், அமெரிக்காவின் கொலராடோவில், டென்வரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் டெக்கர்ஸ். சவுத் பிளாட் ஆறு. மேலே சீஸ்மன் அணை இருப்பதால் தண்ணீர் எப்போதும் ஜில்லென்று, பெரும்பாலும் கண்ணாடியாகத் தெளிந்து வரும். பிரவுன், ரெயின்போ என்று இரண்டு வகை ட்ரவுட் மீனும் உண்டு. குளிர்காலத்தில் அவற்றின் அன்றாடச் சாப்பாடு மிட்ஜ் என்ற பொடிப் பூச்சியின் புழுதான். அதனால் அந்தப் புழுவைப் போலக் கட்டும் ஸீப்ரா மிட்ஜ் என்ற ஃப்ளையில் ஆரம்பித்தேன். 20ஆம் நம்பர் கொக்கி, நூல், மேலே மெல்லிய கம்பிச் சுற்று, தலையில் ஒரு மணி. மொத்தமும் ஓர் அரிசிக்குள் அடங்கிவிடும்.

மார்ச் மாதம். ஒரே லைனில் இரண்டு ஃப்ளை, நடுவே ஒன்றரை அடி இடைவெளி. மேலே சிவப்பு, கீழே கறுப்பு. மிட்ஜ் புழுவில் ரத்தச் சிவப்பாக இருக்கும் வகையும் உண்டு என்பதால் சிவப்பு மேல்தான் எனக்கு நம்பிக்கை. முடிவு: கறுப்புக்கு 7, சிவப்புக்கு 2. நோட்டில் ‘கறுப்பு’ என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

அடுத்த வாரம் சும்மா இடத்தை மாற்றிக் கட்டினேன். சிவப்புக்கு 6, கறுப்புக்கு 2! அப்போதுதான் உறைத்தது. மீன் நிறத்தைப் பார்க்கவில்லை, கீழே தரையை ஒட்டி மிதந்து வந்ததைக் கடித்திருக்கிறது. அதற்கப்புறம் அரை மணிக்கு ஒருமுறை இடம் மாற்றினேன். நான்கு தடவை போய்வந்த பிறகு கறுப்பு 11, சிவப்பு 9. இதை வைத்து யாரிடமும் பெருமை பேச முடியாது.

ஏப்ரலில் இன்னொரு பாடம். மேகமூட்டமான நாட்களில் புளூ விங்ட் ஆலிவ் என்ற நிஜப் பூச்சி, மேஃப்ளையில் ஒரு வகை, கிளம்பும். கல்லைப் புரட்டி அதன் குஞ்சு ஒன்றைப் பிடித்து, நான் கட்டியதோடு உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாக அதே பாசி நிறம். தண்ணீரில் முக்கி எடுத்தால், என்னுடையது கிட்டத்தட்டக் கறுப்பு! நனைந்த வேட்டிக்குள் கால் தெரிவதுபோல, நனைந்த நூலுக்குள் கொக்கியின் இரும்பு தெரிந்தது. இப்போது மேசையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் நிறம் பார்க்கிறேன். ஒருமுறை அதைக் காபி என்று நினைத்து வாய்வரைக்கும் கொண்டுபோனது தனிக் கதை.

நிறம் உண்மையாகவே வேலை செய்தது ஜூலையில். 2002இல் ஹேமன் காட்டுத்தீ இந்த மலைகளை மொட்டையடித்துவிட்டுப் போனது. இடிமழை கொட்டினால் அந்தச் சரிவுகளிலிருந்து கிரானைட் மணல் அரித்துக்கொண்டு வந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான், ஹார்ஸ் கிரீக் வந்து கலக்கும் இடத்துக்குக் கீழே ஆறே பால் டீ மாதிரி ஓடியது. மிட்ஜை எந்த மீனும் சீண்டவில்லை. வூலி பக்கர் என்ற பெரிய, புசுபுசு ஃப்ளைக்கு மாறினேன். கறுப்பு, பாசி, வெள்ளை மூன்றும் ஒரே அளவு, ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம், மாற்றி மாற்றி. கறுப்பு 4, பாசி 1, வெள்ளை பூஜ்யம். கலங்கல் தண்ணீரில் மேலிருந்து வரும் மங்கல் வெளிச்சத்துக்கு எதிரே கறுப்பு உருவம்தான் அழுத்தமாகத் தெரியும் என்பார்கள். ஒரு நாள் கணக்குதான், ஆனாலும் இதை நம்புகிறேன்.

செப்டம்பர் காலையில் ட்ரைக்கோ என்ற பொடி மேஃப்ளை. அதற்கு நான் கட்டியது தண்ணீர்மேல் மிதக்கும் 22ஆம் நம்பர் ஃப்ளை. வெயில் பளபளப்பில் அது எங்கே போகிறதென்றே எனக்குத் தெரியவில்லை. உச்சியில் நிற்கும் சிறகை ரோஸ் நிறத்தில் கட்டிப் பார்த்தேன். வானத்தைப் பின்னால் வைத்துக் கீழிருந்து பார்க்கும் மீனுக்கு அந்த ரோஸ் ஒரு பொருட்டே இல்லைபோல, வெள்ளைச் சிறகைக் கடித்த மாதிரியே கடித்தது. எனக்குக் கண் வலி போனது.

“பிடிச்ச மீனைத் திரும்ப ஆத்துலயே விடுறதுக்கா இவ்வளவு நூல்?” என்கிறாள் மனைவி. கிளிப்பச்சைக் கண்டை இன்னும் பிரிக்கவே இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.