முறுக்கு கொஞ்சம் கூடிப்போச்சு

நம் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு பக்கத்துக்கு மிகாமல் நினைவுக் கட்டுரை வேண்டும், கூடவே ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். உறையின் மேல் என் பெயர் ஒழுங்காகத்தான் இருந்தது. உள்ளே "அன்புள்ள நங்கூரம்" என்று தொடங்கியிருந்தார்கள். அறுபதைத் தாண்டிய பிறகும் அந்தப் பெயர் என்னை விடுவதாக இல்லை. சரி, அந்தப் பெயருக்குக் காரணமானவரைப் பற்றியே எழுதிவிடுகிறேன். நமக்கு நூற்கச் சொல்லிக்கொடுத்த கிராஃப்ட் சார் காலமான செய்தி போன ஆவணியில் நம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோது கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. நானும் ஒன்று போட்டேன். அதற்கு மேல் எழுத அன்றைக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடு. இதை மட்டும் சொன்னாலே போதும், உங்களுக்கெல்லாம் மூக்கில் பஞ்சுத் தூசி ஏறியிருக்கும். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது 1974-ல். நம் பள்ளிக்குப் பின்னால் இருபது நிமிடம் நடந்தால் கடல். உள்ளே கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் போனால் கரிசல் காடு, பருத்தி, மிளகாய். சார் அங்கிருந்துதான் கருங்கண்ணிப் பருத்தியைச் சாக்கில் கட்டி, பஸ் மேலே போட்டுக் கொண்டுவருவார். கொட்டை எடுப்பது, பஞ்சு கொட்டுவது, அதைச் சுருட்டிப் பட்டை போடுவது எல்லாம் நம் கையால்தான் நடக்க வேண்டும். கடையில் பட்டை வாங்கி நூற்பவனை அவர் நூற்பவனாகவே மதித்ததில்லை. கருங்கண்ணி குட்டை இழைப் பஞ்சு. கொஞ்சம் வேகமாக இழுத்தால் இழை கையோடு வந்துவிடும், நூற்கிற கைக்கதிரான தக்ளி தரையில் உருளும். அது உருளும் சத்தத்திலேயே யாருடைய தக்ளி என்று சார் திரும்பிப் பார்க்காமல் சொல்லுவார்.

அவர் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் பயிற்சி பெற்றவர். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா அங்கே வாழ்ந்த நாட்களில் அவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அந்தக் கதைகளை நாம் கேட்க வேண்டிய மாதிரி கேட்டதில்லை, கடைசி மணி எப்போது அடிக்கும் என்றுதான் காது இருந்தது. கிராஃப்ட் ரூம் சுவரில் ஒரு படம் தொங்கியது நினைவிருக்கிறதா? 1931 செப்டம்பரில் இங்கிலாந்தின் லங்காஷயர் மில் பெண்களுக்கு நடுவே காந்தி நிற்கும் படம். இந்தியாவில் அந்நியத் துணியை ஒதுக்கியதில் அந்த ஊர் மில்களுக்கும் அடி விழுந்திருந்தது. வேலை போனவர்களின் ஊருக்கே அவர் நேரில் போனார். அந்தப் பெண்கள் அவரைச் சுற்றி நின்று சிரித்து ஆரவாரம் செய்கிறார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று சார் ஒவ்வொரு வருஷமும் கேட்பார். நாம் ஒவ்வொரு வருஷமும் முழிப்போம்.

இனி அந்த ஜனவரி 30.

பதினோரு மணி மௌனம் முடிந்ததும் பிரேயர் ஹாலில் வரிசையாக உட்கார்ந்து நூற்க வேண்டும். பேசக்கூடாது. "ரெண்டு பேருக்காக நூக்குறோம்" என்பார் சார். குமரப்பா இறந்ததும் ஒரு ஜனவரி 30-ல்தான், 1960-ல். அந்த வருஷம் கதர்க் கடையிலிருந்து ஒரு பெரியவர் விருந்தினராக வந்திருந்தார். நான் ஏழாம் வகுப்பு. என் நூல் சில இடத்தில் சணல் பருமன், சில இடத்தில் சிலந்தி நூல். சார் வரிசையில் நடந்து வந்தவர் என் முன்னால் நின்றார். தக்ளியோடு நூலை வாங்கி, விருந்தினருக்குத் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார்.

"இது நூலாடா? நங்கூரத்துக்குக் கட்டுற கயிறுல்ல இது. உங்கப்பாட்டக் குடு, வத்தையக் கட்டிப்போட ஆகும்."

மௌன விரதம் அங்கேயே முடிந்தது. பெண்கள் வரிசையும் சிரித்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன், இந்த மலரை வாசிக்கிற சிலர் அந்த வரிசையில் இருந்தவர்கள். நூலைப் பழித்திருந்தால் பொறுத்திருப்பேன். அப்பாவையும் அவருடைய மீன்பிடிப் படகான வத்தையையும் எதற்கு இழுக்க வேண்டும்? கதர்ச் சட்டை போட்ட ஒருவர், மீன்வாடையோடு பள்ளிக்கு வருகிறவனைப் பார்த்து அதைச் சொன்னார். அதன் எடை அன்று ஹாலில் எத்தனை பேருக்குத் தெரிந்ததோ, எனக்குத் தெரிந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் நான் ஊரை விட்டுக் கிளம்பிய வேகத்தில் அந்தச் சிரிப்புக்கும் பங்கு உண்டு. அப்புறம் மெட்ராஸ், அப்புறம் துபாய், அப்புறம் மைத்துனர் தயவில் இங்கிலாந்து. அதை விரிக்கவில்லை, நம்மில் பாதிப்பேர் கதை அதுதான்.

நான் இருப்பது நாட்டிங்காம். ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கொரோனாவுக்கு அடுத்த வருஷம் ஆள் குறைத்தார்கள். அந்த வயதில் மனுப்போட்டால் நன்றி சொல்லிப் பதில் வரும், அதைத் தவிர வேறொன்றும் வராது. மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை, காலை ஷிஃப்ட். நான் வீட்டில் தனியாக. "சன்னலையே பாத்துக்கிட்டு இருந்தா சன்னலா வேலை குடுக்கும்?" என்று கேட்டவள், நூலகத்தில் செவ்வாய்க்கிழமைகளில் கூடும் பின்னல் குழுவில் என் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டு வந்தாள். போனேன். எல்லாரும் பாட்டிகள், நான் ஒரே ஆண். கம்பளி நூலும் இரண்டு ஊசியும் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

அந்த ஊருக்குப் பின்னல் புதிதில்லை. பக்கத்துக் கிராமமான கால்வர்ட்டனில்தான் 1589-ல் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் பொறியைச் செய்தார். கையால் பின்னுகிறவர்கள் பிச்சை எடுக்கப் போய்விடுவார்கள் என்று எலிசபெத் ராணி அதற்கு உரிமை தர மறுத்துவிட்டதாக அங்கே சொல்வார்கள். பிறகு அதே பொறியை நம்பி ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். 1811-ல் கூலி குறைந்தபோது அவர்களே ராத்திரியில் முகத்தை மறைத்துக்கொண்டு போய் அந்தப் பொறிகளை உடைத்தார்கள். வேலை போவது அந்த மண்ணில் பழைய கதை. ஒரு பாட்டி இதைச் சொல்லிக்கொண்டே என் ஊசியிலிருந்து நழுவிய கண்ணியை எடுத்துக் கொடுத்தார்.

கண்ணி நழுவுவதில்தான் நான் அப்பாவை நினைத்தேன். வலையில் ஒவ்வொரு கண்ணும் ஒரு முடிச்சு. ஒன்று அறுந்தால் அதோடு நிற்கும், பக்கத்துக் கண்ணுக்குச் சேதமில்லை. பின்னலில் முடிச்சே கிடையாது. வளையத்துக்குள் வளையம், அவ்வளவுதான். மேலே ஒரு வளையம் நழுவினால் கீழ் வரிசை வரை சரசரவென்று இறங்கிவிடும். வலை ஊசி பிடித்துப் பழகியவர்களின் மகனுக்கு இப்படி ஒரு துணியை நம்பவே கொஞ்ச நாள் ஆயிற்று. ஒரு வரிசை நிட் என்கிற நேர்ப் பின்னல், அடுத்த வரிசை பர்ல் என்கிற எதிர்ப் பின்னல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் முகப்பு வழுவழுவென்று அழகாக வரும், ஆனால் ஓரம் சுருட்டிக்கொள்ளும். என் முதல் மஃப்ளர் சுருண்டு குழாயாகிவிட்டது. மனைவி அதைத் தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்கச் சுற்றிவைத்தாள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடலில் தொழில் ஓடாது. வசதி உள்ளவர்கள் வத்தையை வடகடல் பக்கம் கொண்டுபோவார்கள். அப்பா போகமாட்டார். வீட்டு முன் புங்கமரத்தடியில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துக்கொண்டு, பொழுது சாய்கிறவரை கிழிசல் பார்ப்பார். யாராவது "என்ன, தொழிலுக்குப் போகலையா?" என்று கேட்டால் "காத்து" என்பார். கேட்டவருக்கு அது போதும். அப்பாவை வேலையில்லாதவர் என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. இப்போது விசைப்படகுகளுக்குச் சட்டப்படியே தடைக்காலம் இருக்கிறது. 2001-ல் 45 நாளாகத் தொடங்கி 2017 முதல் 61 நாளாகியிருக்கிறது, ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை. என் தம்பி மகன் அந்த நாட்களில் நைலான் வலையை விரித்துப்போட்டு அதே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு மட்டும் இரண்டு வாரத்துக்கொரு முறை ஓர் அலுவலகத்தில், வேலை தேட என்னென்ன முயற்சி எடுத்தேன் என்று விளக்கம் கேட்டார்கள். காத்து என்று சொல்ல முடியுமா?

சரி, நூற்புக்கு வருகிறேன். குழுவில் இரண்டு பேர் கம்பளியைத் தாங்களே நூற்றுப் பின்னுவார்கள். அவர்களிடம் இருந்தது மரத்தால் ஆன பெரிய தக்ளி. அந்தரத்தில் தொங்கவிட்டுச் சுற்றுவார்கள். கம்பளி இழை நீளம், சுருள் வேறு உண்டு, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், தக்ளியின் எடையைத் தாங்கும். நான் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கையை நீட்டி வாங்கி, தொடையில் உருட்டிவிட்டேன். இடதுகை தானாக மேலே போனது. நாற்பத்தைந்து வருஷமாகத் தொடாத கை. ஒரு முழம் நூல் சீராக இறங்கியது. பாட்டிகள் ஊசியை நிறுத்திவிட்டார்கள். "இழுக்கிற கையப் பாக்காத, முறுக்கப் பாரு" என்று உள்ளே யாரோ சொன்னார்கள். யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு பித்தளைத் தக்ளி ஒன்றைத் தேடினால், அங்கே ஒரு கடையிலேயே தக்ளி என்ற பெயரோடு விற்கிறார்கள். விலையைக் கேட்டால் சார் மயங்கி விழுந்திருப்பார். பஞ்சும் வாங்கினேன். பஞ்சைக் கொடுத்ததும் பாட்டிகள் தடுமாறினார்கள், அவர்கள் தொங்கவிட்ட வேகத்தில் இழை அறுந்து அறுந்து விழுந்தது. முனையைக் கிண்ணத்தில் ஊன்றிச் சுற்ற வேண்டும், பஞ்சுக்கு எடை ஆகாது, முறுக்கு அதிகம் வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். நம் பள்ளியில் கொட்டாங்கச்சி, அங்கே பீங்கான். ஒற்றை இழையை எந்தப் பக்கம் முறுக்கினோமோ அதற்கு எதிர்ப்பக்கமாக இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கினால் நூல் அடங்கி நிற்கும் என்பதை அவர்கள் எனக்குக் காட்டினார்கள். அந்த இரட்டை நூலில்தான் ஒழுங்காகப் பின்ன வந்தது. காலையில் நாலு மனு, மத்தியானம் ஒரு கதிர் நூல் என்று நாட்கள் ஓடின. மனுக்களை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை, நூலையாவது நானே எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

இதில் ஒரு வேடிக்கை. ஓரிடம் தடிப்பு, ஓரிடம் மெலிவு என்று திருகலாக இருக்கும் நூலுக்கு அங்கே தனி மவுசு. கைவேலைச் சந்தையில் சீரான நூலைவிட விலை கூடப் போட்டு விற்கிறார்கள். ஆகா, நம் ஏழாம் வகுப்புச் சரக்கு என்று உட்கார்ந்தேன். வரவில்லை. எவ்வளவு வீம்பாக இழுத்தாலும் நூல் சமமாகவே இறங்குகிறது. நங்கூரக் கயிறு நூற்கிற கை போய்விட்டது.

சாரை நான் கடைசியாகப் பார்த்தது தம்பி மகன் கல்யாணத்துக்கு வந்தபோது. சாயல்குடிப் பக்கம் மகள் வீட்டுத் திண்ணையில் இருந்தார். பார்வை மங்கல். நானே நூற்றுப் பின்னிய ஒரு கம்பளிக் குல்லாவைக் கொண்டுபோயிருந்தேன். சித்திரை மாதம், இராமநாதபுரம் ஜில்லா, கம்பளிக் குல்லா. சிரிக்காதீர்கள், கையில் வேறொன்றும் இல்லை. பெயரைச் சொன்னேன், தெரியவில்லை. கூச்சத்தோடு "நங்கூரம் சார்" என்றேன். அதுவும் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க நான் சுமந்த பெயர் அவர் நினைவில் ஒரு நிமிஷம்கூடத் தங்கியிருக்கவில்லை. வருத்தப்படுவதா, நிம்மதி அடைவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆனால் குல்லாவைக் கையில் கொடுத்ததும் முகம் மாறியது. பின்னலை அவர் சட்டை செய்யவேயில்லை. ஓரத்தில் நூல்முனையைத் தேடிப் பிடித்து, இரண்டு விரலுக்கிடையே வைத்து உருட்டினார்.

"கடை நூலா?"

"நான் நூத்தது சார்."

இன்னொரு தடவை உருட்டினார். "முறுக்கு கொஞ்சம் கூடிப்போச்சு."

அவ்வளவுதான் மதிப்பெண். மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். நான் அந்த ஊர்க் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், பாட்டிகள், பீங்கான் கிண்ணம், சுவரில் இருந்த படத்து லங்காஷயர் இப்போது நான் இருக்கும் இடத்திலிருந்து சில மணி நேரம் என்பது. கேட்டுக்கொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்தி, "அங்க பருத்தி வெளயுமா?" என்றார்.

"வெளயாது சார். குளிரு."

"கடலு?"

"எங்க ஊருல இல்ல சார். ரெண்டு மணி நேரம் போகணும்."

"அப்ப எதுக்குய்யா அங்க இருக்க?"

மகள் படிப்பு, வீட்டுக் கடன், பென்ஷனுக்கு இன்னும் சில வருஷம் என்று அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். திண்ணையில் உட்கார்ந்து சொல்லும்போது எல்லாம் அந்த அலுவலகத்தில் நான் சொல்லும் விளக்கம் மாதிரியே காதில் விழுந்தது.

இப்போது வாரத்தில் மூன்று நாள் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது. நம் சங்கம் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரப்போகிறது என்று அறிந்தேன், என் பங்கை அனுப்பிவிட்டேன். அதோடு முப்பது தக்ளியும் ஒரு சாக்குப் பருத்தியும் வாங்கக் கொஞ்சம் தனியாகவும் அனுப்பியிருக்கிறேன், பொருளாளர் கவனிக்கவும். கிராஃப்ட் ரூமில் இப்போது உடைந்த பெஞ்சுகள்தான் கிடக்கின்றன, ஒரு மூலையைக் காலி செய்து தருகிறேன் என்று தலைமையாசிரியர் சொன்னார். யார் சொல்லிக்கொடுப்பது என்றும் கேட்டார். ஜனவரி 30-க்கு நான் வருகிறேன் என்று வாய் வரை வந்தது. புது வேலை, ஜனவரியில் லீவு கிடையாது. அந்த வருஷங்களில் சாரிடம் படித்தவர்கள் யாராவது ஊர்ப்பக்கம் இருந்தால் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.