‘ரூபாய்’ என்ற பெயரின் தோற்றம்: தேர்வுக்கு நான் படித்த முறை

போட்டித் தேர்வுக்கு இடைக்கால இந்திய வரலாற்றைப் படிக்கும் பலரும், ‘ரூபாயை அறிமுகப்படுத்தியவர் ஷெர்ஷா’ என்ற ஒற்றை வரியை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறார்கள். கொள்குறி வினாவுக்கு அது போதும். விரித்தெழுத வேண்டிய தேர்விலோ, பெயரின் வயதையும் நாணயத்தின் வயதையும் பிரித்துக் காட்டும் விடைக்கே மதிப்பெண் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

பெயர் மிகப் பழையது. அடித்து உருவம் பொறிக்கப்பட்டது என்ற பொருளில் ‘ரூப்ய’ என்ற சொல்லைப் பண்டைய சமஸ்கிருத இலக்கண ஆசிரியர் பாணினியின் நூலே விளக்குகிறது. அச்சொல் பின்னர் வெள்ளியையும் குறித்தது. 1540 முதல் 1545 வரை டெல்லியை ஆண்ட ஷெர்ஷா, ஏறத்தாழ 178 கிரெய்ன் (பழைய ஆங்கிலேய எடை அலகு), அதாவது சுமார் 11.5 கிராம் எடையுள்ள வெள்ளி நாணயத்தைத் தரப்படுத்தி, ‘ரூபியா’ என்ற பெயரை அதற்கு நிலைக்கச் செய்தார். ஆகவே ‘பெயரை உருவாக்கினார்’ என்று எழுதாதீர்கள்; ‘தரப்படுத்தினார்’ என்பதே சரி.

முகலாயர் அதைத் தொடர்ந்தனர். 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி, தன் ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் பொதுவாக, 165 கிரெய்ன் தூய வெள்ளி அடங்கிய 180 கிரெய்ன் ரூபாயைச் சட்டமாக்கியது. 180 கிரெய்ன் என்பது ஒரு தோலா என்ற பழைய இந்திய எடை அளவு; இதைச் சேர்த்துப் படித்தால், பழைய மருத்துவக் குறிப்புகளில் வரும் ‘ரூபாய் எடை’ எது என்பதும் விளங்கும், எண்ணும் மறக்காது. 1957-இல் வந்த பதின்ம முறையும் (ஒரு ரூபாய்க்கு நூறு பைசா) 2010-இல் வந்த ‘₹’ குறியீடும் பெயரின் வரலாற்றைச் சேர்ந்தவை அல்ல என்பதால், அவற்றுக்கு ஒரு வரிக்கு மேல் செலவிட வேண்டாம்.

எனக்கு மிகவும் உதவியது, கையில் இருக்கும் நூறு ரூபாய் நோட்டுதான். அதன் பின்புறத்தில் பதினைந்து மொழிகளில் மதிப்பு அச்சிடப்பட்டிருக்கும் கட்டத்தைப் பாருங்கள்: தமிழில் ‘ரூபாய்’ என்றிருக்க, அசாமி, வங்காளம், ஒடியா ஆகியவற்றில் ‘டகா’, ‘டாகா’, ‘டங்கா’ என்றிருக்கும். டெல்லி சுல்தான் இல்துமிஷ் வெளியிட்ட வெள்ளி நாணயத்தின் பெயரான ‘தங்கா’வின் உறவு அது, வங்கதேசத்தின் டாகாவும் அவ்வழியினதே. இந்தோனேசியாவின் ரூபியா, மாலத்தீவின் ருஃபியா ஆகியவையோ ‘ரூப்ய’ வழியில் வந்தவை. ‘பொருத்துக’ வினாவுக்கு நாடுவாரியாக உருப்போடுவதைவிட, இவ்விரண்டு வேர்களின் கீழ் நாடுகளை எழுதிவைத்துப் படிப்பதே எளிது.