54 புள்ளி, ஒரே இழை

மார்கழி 22ஆம் நாள் காலை 6 மணிக்குச் சற்று முன்பு, எங்கள் வீட்டு வாசலில் 9 புள்ளி, 6 வரிசைச் சிக்குக் கோலத்தின் இழை புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஒரே இழை. நடுவில் கை எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது, மாவு அள்ளுவதற்காக நான்கு முறை எடுத்தேன். ஆனால் விட்ட இடத்திலேயே தொடர்ந்தேன். 15 நாளாக வராத கோலம் அது. வந்துவிட்ட மகிழ்ச்சி ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாபநாசம் வட்டத்தில் குடமுருட்டிக் கரையை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. மனைவிக்கு முழங்கால் வலி வந்து குனிய முடியாமல் போனதால் இந்த மார்கழிக்கு வாசல் என் பொறுப்பாயிற்று. முதல் வாரம் சிறு கோலங்களுடன் கழிந்தது. எட்டாம் நாள், அவள் நோட்டில் இருந்த 9க்கு 6 சிக்குக் கோலத்தைப் போடத் துணிந்தேன். ஓர் இழை முடிந்து மூடிக்கொண்டது. ஆனால் பாதிக்கு மேற்பட்ட புள்ளிகள் சுற்றப்படாமல் நின்றன. அவற்றைச் சுற்ற இன்னோர் இழையும், அதன்பின் இன்னோர் இழையும் தேவைப்பட்டன. கை தவறிவிட்டது என்று நினைத்து மறுநாளும் போட்டேன். அன்றும் மூன்று இழை. அதற்கு மறுநாளும் மூன்றுதான்.

பிறகு நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பென்சிலால் சிறிய சிறிய கோலங்களாகப் போட்டுப் பார்த்தேன். 2க்கு 3 ஒரே இழை. 3க்கு 3 மூன்று இழை. 4க்கு 6 இரண்டு. 4க்கு 5 ஒன்று. இரவு 10 மணிக்கு விடை கண்முன் வந்து நின்றது: அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் இழைகள் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் நேர்ப்புள்ளிக் கோலத்தில், வரிசை எண்ணுக்கும் வரிசையில் உள்ள புள்ளி எண்ணுக்கும் எது மீப்பெரு பொது வகுத்தியோ, அத்தனை இழைகள். 9க்கும் 6க்கும் மீ.பொ.வ. 3. முப்பது ஆண்டுகளுக்குமேல் கரும்பலகையில் எழுதிக் கற்பித்த மீ.பொ.வ. என் வாசற்படியில் காலங்காலமாகக் கிடந்திருக்கிறது என்று தெரிந்தபோது உடல் சிலிர்த்தது. கோலத்தைக் கணிதமாகப் பார்த்தவர்கள் முன்பே இருக்கிறார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தையும், விதிகளைக் கொண்டு வடிவங்களை உருவாக்கும் கணினி இலக்கணத்தையும் இணைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரை 1974இல் வெளிவந்தது. மார்கழி 11ஆம் நாள் நான் 8க்கு 7 போட்டேன். இரண்டுக்கும் பொது வகுத்தி 1 என்பதால் முதல் முயற்சியிலேயே ஒரே இழையாக வந்தது.

ஆனால் மனம் அந்த 9க்கு 6இலேயே கிடந்தது. இரண்டு வெவ்வேறு இழைகள் வெட்டிக்கொள்ளும் ஓரிடத்தில் வெட்டாமல் இரண்டையும் வளைத்துத் திருப்பிவிட்டால், அவை சேர்ந்து ஓரிழையாகிவிடும். ஆகவே மூன்று இழைக்கு இரண்டு இடம் போதும். கோலம் கோணலாகத் தெரியக் கூடாது என்பதற்காக இடதுகோடியில் கீழ் வரிசையில் ஓரிடமும் அதற்கு நேராக மேல் வரிசையில் ஓரிடமும் எடுத்துத் திருப்பினேன். ஒன்றாகவில்லை. எதிர்வீட்டு அப்பாயி, வயது எண்பதைத் தாண்டியவர், தன் வாசலைத் தெளித்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தார்.

“தம்பி, மேலயும் கீழயும் திருப்பாத. இந்தக் கோடியில ஒண்ணு, அந்தக் கோடியில ஒண்ணு திருப்பிவுடு. எழை ஒண்ணாயிடும்.”

அதாவது கீழ் வரிசையில் 1ஆம், 2ஆம் புள்ளிகளுக்கு நடுவிலும் 8ஆம், 9ஆம் புள்ளிகளுக்கு நடுவிலும். வீட்டுக்குள் போய்ப் பென்சிலால் மூன்று இழைகளுக்கும் மூன்று நிறம் கொடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. மேலும் கீழும் எடுத்தால் இரண்டு இடத்திலும் அதே இரண்டு இழைகள்தான் சந்திக்கின்றன, மூன்றாவது இழை தனியே நின்றுவிடுகிறது. இடமும் வலமும் எடுத்தால் ஓரிடத்தில் முதலாவதும் இரண்டாவதும், இன்னோரிடத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் சந்திக்கின்றன. இதை எனக்கு எழுதிப் பார்க்க அரைமணி நேரம் ஆயிற்று. அப்பாயி நின்றபடியே சொன்னார்.

கணக்கு தெரிந்தும் மேலும் ஒரு வாரம் ஏன் ஆயிற்று என்றால், அதற்குக் காரணம் மாவுதான். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே இழைகள் சந்திக்கும் 93 இடங்களில் இரண்டைத் திருப்பிவிட்டாலும் மீதி 91 இடங்களில் இழை குறுக்கே போகிறது. அங்கெல்லாம் மாவு கட்டியாக விழுந்தால் எது எங்கே போகிறதென்று கண்ணுக்குத் தெரியாது. நைசான மாவு விரலிடுக்கில் அப்பிக்கொண்டு, விழும்போது மொத்தமாக விழுகிறது. நற்பதம் என்பது மணல்போல நறநறவென்று இருப்பது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசும்போது தானாக நழுவ வேண்டும். பல கலவைகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, கல்மாவு மூன்று பங்கும் குருணையை ரவைப் பதத்தில் அரைத்த அரிசிமாவு ஒரு பங்கும் என்று நிலைத்திருக்கிறேன். எறும்புக்கும் அணிலுக்கும் ஏதாவது கிடைக்க வேண்டுமல்லவா, வெறும் கல்மாவில் எனக்கு உடன்பாடு இல்லை.

மாவைவிடப் பெரிய சிக்கல் ஈரம். ஊர்த்தெருவுக்குச் சிமெண்ட் போட்ட பிறகு, சாணம் தெளித்த மண்வாசலின் மெத்தென்ற பிடிப்பு போய்விட்டது. தண்ணீர் தெளித்தவுடன் போட்டால் இழை ஊறிப் பரவிக் கஞ்சியாகிவிடுகிறது. முழுக்கக் காய்ந்த பிறகு போட்டால் முதல் மிதிவண்டி போகும்போதே பறந்துவிடுகிறது. தெளித்த நீரின் பளபளப்பு மறைந்து, தரையின் கருமை மட்டும் நிற்கும் அந்தப் பத்து நிமிடம்தான் நமக்கு. பனி விழும் நாளில் அது நீள்கிறது. மழை விட்ட மறுநாள் காற்றடித்தால் ஐந்து நிமிடம்கூட நிற்பதில்லை. தெருவிளக்கைச் சாய்வாகப் பார்த்தபடி குந்தியிருந்து, ஒளி தரையிலிருந்து மெல்ல அணைவதைக் கவனித்தால் அந்த நொடி தெரியும். இதற்காகவே இப்போது 4.45க்கு எழுந்துவிடுகிறேன்.

மாவு வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்துக் கடை ஒன்றில் இரண்டு கிலோ வாங்கி ஏமாந்தேன். மேலே நறநறப்பு, அடியில் சுண்ணாம்புபோல நைசு. வெள்ளிக்கிழமைதோறும் மிதிவண்டியில் குரல்கொடுத்து வருபவரிடம் கையில் எடுத்து உரசிப் பார்த்து வாங்குவதுதான் சரி. அவர் படிக் கணக்கில் அளந்து, மேலே ஒரு கைப்பிடி கூடவும் போடுவார். குருணையைத்தான் அரைவை மில்லில் இரண்டு படிக்குக் குறைந்தால் வாங்க மறுக்கிறார்கள், அதிலும் மிளகாய் அரைத்த கையோடு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மூன்று நாள் இளஞ்சிவப்புக் கோலம் போட்டேன்; தெருப்பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அச்சுத் தட்டையும் துளையிட்ட குழாயையும் வாங்கச் சொல்லிப் பலர் அறிவுரை சொன்னார்கள். வாங்கமாட்டேன். இழை கனமாகவும் மெலிதாகவும் மாறி மாறி விழுவதில்தான் போட்டவரின் கை தெரிகிறது. மனைவியின் கோலத்தில் வளைவு தொடங்கும் இடம் எப்போதும் சற்றுத் தடித்திருக்கும். அதைப் பார்த்தே எங்கள் வாசலை அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

தைப்பொங்கலுக்கு மாக்கோலம் போட எண்ணியிருக்கிறேன். ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவில் துணித்துண்டை நனைத்து உள்ளங்கையில் பிழிந்து மோதிர விரல் வழியாக வடியவிடும் அந்த முறையை அப்பாயி ஒருமுறை செய்துகாட்டினார். என் விரலில் அது இன்னும் முழங்கைக்குத்தான் வழிகிறது. 12க்கு 9 போட்டால் இதே மூன்று இழைச் சிக்கல் மறுபடியும் வரும் என்பதால் அதற்கும் திருப்ப வேண்டிய இடங்களைத் தாளில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைய கோலத்துக்குக் காவி கட்டவில்லை, கட்டினால்தான் முழுமை. கரைத்து வைத்த காவியை எடுக்க உள்ளே போனேன், அதற்குள் பால்காரர் வந்துவிட்டார். வண்டியைத் தெருவோரமாக நிறுத்தி, கேனைக் கையில் தூக்கிக்கொண்டு, கோலத்தின் வெளிவளைவைச் சுற்றி நடந்து வந்து, “சார், எங்க ஆரம்பிச்சீங்க?” என்று கேட்டார். மனைவி வாசற்படியில் உட்கார்ந்தபடியே அவருக்கு அந்தப் புள்ளியைக் காட்டினாள்.