இங்கிலீஷ் சாரும் அழகரும் ப்ளூ மூனும்

எங்க இங்கிலீஷ் சார் இடியம், அதான் மரபுத்தொடர், நடத்துற விதமே தனி. அர்த்தத்த போர்டுல எழுதிப்போட்டு மனப்பாடம் பண்ணுங்கடான்னு விடமாட்டாரு, நம்ம ஊர்ல நடக்குற ஏதாவது ஒண்ணுக்கு அத பொருத்திச் சொல்லுன்னு ஒவ்வொருத்தனா எழுப்பி விடுவாரு. ஒம்பதாவதுல 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' நடத்துன அன்னிக்கு செல்லூர்ப் பையன் ஒருத்தன் எந்திரிச்சு, அழகர் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன் ஆத்துல எறங்குறாரு சார்னான். சார் திட்டல. "ஏப்பா, வருசா வருசம் சித்திரையில நாள் குறிச்சு மண்டகப்படி மண்டகப்படியா வர்றவர போயி இப்படிச் சொல்லலாமா? எப்ப நடக்கும்னே சொல்ல முடியாம எப்பவாச்சும் நடக்கும் பாரு, அதுக்குத்தான் இது"ன்னாரு. உடனே கடைசி பெஞ்ச்ல இருந்து ஒரு குரல், "அப்ப டேம் தொறக்காமயே சித்திரையில வைகையில தண்ணி ஓடுனா சொல்லலாமா சார்?" சாருக்கு அவ்வளவு சந்தோசம், அதையே இங்கிலீஷ்ல சொல்ல வச்சு போர்டுல எழுதுனாரு.

அதோட விடல. பௌர்ணமிக்கு பௌர்ணமி இருபத்தொம்பதரை நாள், அதனால மாசப் பொறப்புல ஒண்ணு வந்துட்டா கடைசியில இன்னொண்ணு வர எடமிருக்கு, அந்த ரெண்டாவதுதான் ப்ளூ மூன், ரெண்டரை மூணு வருசத்துக்கு ஒருக்க வரும், பிப்ரவரியில வரவே வராது, நெலா நீலமாவும் இருக்காதுன்னு கணக்கே போட்டுக் காமிச்சாரு. (2023 ஆகஸ்ட்ல வந்துச்சே, இங்க லண்டன்ல நானும் புள்ளைகளும் மாடியில நின்னு பாத்தோம்.) எங்க அப்பத்தாகிட்ட சொன்னா, அட மலமாசம், அதுல விசேசம் வைக்கக்கூடாதுன்னு ஒரே வரியில முடிச்சிருச்சு.

இங்க ஆபீஸ்ல காதக் குடுத்துக் கேட்டா சார் சொன்ன அளவு அப்படியே நிக்குது. நான் சமைக்கிறது, தம்பி போன் பண்றது, ஜிம்முக்குப் போறதுன்னு எப்பவாச்சும் திரும்பத் திரும்ப நடக்குறதுக்குத்தான் சொல்றாங்க, போன வருசம் ஒரே ஒரு தடவ நடந்து முடிஞ்சதுக்குச் சொல்றதில்ல. பேச்சுலதான் வரும், மேலிடத்துக்குப் போற ரிப்போர்ட்ல 'ரேர்லி'ன்னுதான் எழுதுவாங்க. நம்ம 'ஆடிக்கொருக்க அமாவாசைக்கொருக்க' மாதிரியேதான், ரெண்டுலயும் லேசா ஒரு கொறை சொல்ற தொனி ஒட்டிக்கிட்டு வரும். புதுசா வேலைக்கு வர்ற நம்ம ஊர்ப் புள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்குடுக்குறேன், லிஸ்ட்ட மனப்பாடம் பண்ணாதீங்க, யாரு எதுக்குச் சொல்றாங்கன்னு கவனிங்கன்னு.

சார் எழுதிப்போட்டத நாம பாத்து எழுதுன அந்த இடியம் நோட்டு யார்கிட்டயாவது இன்னும் இருந்தா போட்டோ எடுத்து நம்ம பழைய மாணவர் சங்கத்துக்கு அனுப்புங்கப்பா, அடுத்த மலர்ல நாலு பக்கம் ஒதுக்கிப் போட்டுருவோம்.